பாடம் மூன்று மணி நேரம்... மீதி நேரத்துக்கு யார் பொறுப்பு?

"பிள்ளையை இனிமே ஸ்கூலுக்கு அனுப்பப் போறதில்லை, வீட்டுலயே படிக்க வைக்கப்போறோம்" என்று ஒரு குடும்பம் சொன்னால், சொந்தபந்தங்களிடமிருந்து வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "நாலு பிள்ளைங்களோட பழக வேண்டாமா?", "நாளைக்கு காலேஜ்ல சேர்த்துப்பாங்களா?", "சர்ட்டிஃபிகேட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால், முதலில் கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "உங்க ரெண்டு பேரோட வேலையும் என்ன ஆகும்?"

கேட்காததற்குக் காரணம், அதற்கான பதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்வதுதான். அம்மா வேலையை விட்டுவிடுவார். பிள்ளைக்காகத்தானே?

மும்பையைச் சேர்ந்த மாளவிகா ராஜ் ஜோஷியின் கதை 2016-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஏழாம் வகுப்பு வாக்கில் பள்ளியிலிருந்து நின்று, வீட்டிலேயே படித்தவர். சர்வதேச கம்ப்யூட்டர் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்று, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இடம்பிடித்தார். அதே சான்றிதழ் இல்லை என்பதால் ஐ.ஐ.டி-யில் அவரால் சேர முடியவில்லை. நம் சென்னையில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம்தான் அவருடைய திறமையைப் பார்த்து, எம்.எஸ்ஸி தரத்திலான படிப்பில் சேர்த்துக்கொண்டது.

அன்றைய செய்திகளில் எல்லாம் பதக்கமும் எம்.ஐ.டி-யும்தான் பெரிய எழுத்தில் வந்தன. மகள்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பதற்காக அம்மா தன் வேலையை விட்டார் என்பது, செய்தியின் நடுவில் ஒரு வரியாக வந்துபோனது.

அந்த ஒரு வரிதான் இங்கே விஷயம். ஹோம் ஸ்கூலிங் பற்றி யோசிக்கிற எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு சம்பளத்தை விட்டுவிடும் வசதி இருக்காது. வீட்டுக் கடன் இருக்கும், வயதான பெற்றோரின் மருந்துச் செலவு இருக்கும், இரண்டாவது பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் இருக்கும். அப்படியானால், வேலையையும் விடாமல், பிள்ளையையும் வீட்டில் படிக்கவைக்க முடியுமா? சில வீடுகளில் முடியும், சில வீடுகளில் முடியாது. எந்த வீடு எந்தப் பக்கம் என்பது பெற்றோரின் படிப்பைவிட, அவர்கள் போடும் நேரக் கணக்கைப் பொறுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 'கட்டாயம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பல பெற்றோருக்கு பயம் வந்துவிடுகிறது. அந்தச் சட்டம் 'கட்டாயக் கல்வி' என்பதை அரசின் கடமையாகத்தான் விளக்குகிறது. பள்ளி வைப்பதும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதும், தொடர்ந்து படிக்க வழி செய்வதும் அரசின் பொறுப்பு.

அதேசமயம், பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதே சட்டத்தின் பத்தாவது பிரிவு சொல்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. ஹோம் ஸ்கூலிங் என்ற பேச்சே சட்டத்தில் கிடையாது. அனுமதி தரும் அலுவலகமும் இல்லை, பதிவு செய்யும் முறையும் இல்லை. வீட்டுக்கல்வி நம் நாட்டில் இப்படி ஓர் இடைவெளியில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது நான்காவது பிரிவு. பள்ளியில் சேராத, அல்லது பாதியில் நின்ற 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தையை, அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்ற பிள்ளைகளோடு சமமாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். அதாவது, இரண்டு வருடம் வீட்டில் முயன்று பார்த்து, சரிவரவில்லை என்றால் திரும்பிப்போக வழி இருக்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது பெரிய தெம்பு. ஒருமுறை எடுத்த முடிவோடு கடைசிவரை மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

படிக்கும் நேரம் வேறு, பார்த்துக்கொள்ளும் நேரம் வேறு

'காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை ஸ்கூலில் நடப்பதை எல்லாம் வீட்டில் நானே செய்ய வேண்டும்' என்று நினைக்கும்போதே வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மலைப்பு வந்துவிடும். கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் மலைப்பு குறையும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 மணி நேரம் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள்கள், 1,000 மணி நேரம். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் தொடக்க வகுப்புகளுக்கு 4 மணி நேரம், நடுநிலை வகுப்புகளுக்கு நாலரை மணி நேரம்.

வீட்டில் சனிக்கிழமையும் சேரும், நீண்ட விடுமுறைகளும் தேவையில்லை. அதே 800 மணி நேரத்தை 300 நாள்களுக்குப் பரப்பினால், தினம் 2 மணி 40 நிமிடம். 1,000 மணி நேரம் என்றால் 3 மணி 20 நிமிடம். தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் விகிதம். வீட்டிலோ ஒரு பிள்ளைக்கு ஒருவர். வருகைப் பதிவு, வரிசை, நோட்டு திருத்தும்வரை காத்திருப்பது எதுவும் இல்லை. ஆகவே, தினம் மூன்று மணி நேரம் உருப்படியாக உட்கார்ந்தாலே பாடம் நகரும். அந்த மூன்று மணி நேரமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

அப்படியென்றால் பிரச்னை எங்கே? மீதி நேரத்தில்.

ஸ்கூல் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. பாடம் சொல்லித்தருவது ஒன்று. பெற்றோர் வேலையில் இருக்கும்போது பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொள்வது இன்னொன்று. முதல் வேலைக்குத்தான் ஃபீஸ் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிள்ளையை வீட்டில் நிறுத்திய முதல் வாரத்திலேயே இரண்டாவதன் மதிப்பு தெரிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பாடம் சொல்லலாம். ஆனால், விழித்திருக்கும் மற்ற பத்துப் பதினொரு மணி நேரமும் பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருக்க வேண்டும். பசிக்கும், சலிக்கும், விழுந்து அடிபடும், 'அம்மா, இங்க பாரேன்' என்று கூப்பிடும்.

வேலைக்குப் போகும் வீடுகளில் ஹோம் ஸ்கூலிங் தடுமாறுவது பெரும்பாலும் கணக்குப் பாடத்தாலோ, இங்கிலீஷாலோ அல்ல. இந்த இரண்டு வகை நேரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டுவதால்தான்.

மூன்று வீடுகள், மூன்று அட்டவணைகள்

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். அம்மாவுக்கு வங்கி வேலை, காலை 10 முதல் மாலை ஐந்தரை வரை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் காலை 6 முதல் 2 மணி வரை ஷிப்ட். பாட்டி வீட்டில் இருக்கிறார். காலை 7 முதல் எட்டரை வரை அம்மாவோடு தமிழும் இங்கிலீஷும். அம்மா கிளம்பிய பிறகு பாட்டியின் பொறுப்பு. வாசிப்பு, படம் வரைவது, செடிக்குத் தண்ணீர், சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். மூன்று மணிக்கு வந்துசேரும் அப்பா சாப்பிட்டு, சற்று ஓய்வெடுத்து, நாலரை முதல் ஆறு மணி வரை கணக்கும் அறிவியலும். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. யாருடைய வேலையும் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது பாட்டியின் பங்கு. அவரிடம் கேட்பது பார்த்துக்கொள்ளும் நேரம் மட்டுமே. 'பாட்டிதான் சும்மா இருக்காங்களே, பாடத்தையும் நடத்திடட்டும்' என்று சேர்த்துவிட்டால் பாட்டிக்கும் அலுக்கும், பிள்ளைக்கும் கசக்கும். அவராகவே கதை சொன்னால், பல்லாங்குழி ஆடினால், அரிசி அளக்கும்போது ஆழாக்கு, படி கணக்கைச் சொன்னால், அது உபரி லாபம். அறுபத்தைந்து வயதுக்கு மேல் தினம் ஐந்தாறு மணி நேரம் ஒரு பிள்ளையின் பின்னால் ஓடுவது சாதாரண உழைப்பு அல்ல. வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு முழு ஓய்வு வேண்டும்.

இரண்டாவது வீட்டில் தாத்தா பாட்டி இல்லை. கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி வேலை, வாரத்தில் சில நாள்கள் வொர்க் ஃப்ரம் ஹோம். பார்த்தால் இதுதான் எளிது என்று தோன்றும். உண்மையில் இது கடினமான வகை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என்றால், வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தமல்ல, வேலையில் இருக்கிறார் என்றுதான் அர்த்தம். மீட்டிங்கில் பேசிக்கொண்டே பின்னத்தை விளக்க முடியாது. முயன்றால், டீம் லீடரிடமும் திட்டு, பிள்ளையிடமும் எரிச்சல்.

கொரோனா காலத்தில் இதைத் தமிழ்நாடே அனுபவித்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒரே டைனிங் டேபிளில் ஒரு பக்கம் ஆபீஸ் லேப்டாப், மறுபக்கம் ஆன்லைன் கிளாஸ் என்று ஓடிய அந்த நாள்களை நினைத்தாலே பலருக்கு இன்னும் தலை வலிக்கும். அன்று நடந்தது ஹோம் ஸ்கூலிங் அல்ல, ஸ்கூல் மொபைல் வழியாக வீட்டுக்குள் வந்தது. ஆனாலும் அது ஒன்றைக் காட்டியது: ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க முடியாது.

இப்படிப்பட்ட வீட்டில் 'முறை' வைத்துக்கொள்வதுதான் வழி. காலை 7 முதல் 11 வரை அப்பா பொறுப்பு, அப்போது அம்மாவின் அறைக் கதவு மூடியிருக்கும். 11 முதல் 3 வரை அம்மா பொறுப்பு, அப்பாவின் மீட்டிங்குகள் அப்போது. பொறுப்பில் இருப்பவர் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது, பொறுப்பில் இல்லாதவரைப் பிள்ளை கூப்பிடக் கூடாது. இதற்கு இரண்டு அலுவலகங்களும் நேரத்தில் கொஞ்சம் நெகிழ வேண்டும். அது முடியாத இடத்தில், அருகில் உள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியோ, இதேபோல் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் இன்னோர் இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து ஆளுக்கு ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டோ அந்த நான்கு மணி நேரத்தை நிரப்ப வேண்டும். இப்படிச் சேரும்போது பிள்ளைகளுக்குக் கூட்டாளிகளும் கிடைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, கடையோ தையலகமோ நடத்தும் வீடு. பிள்ளை பக்கத்திலேயே இருக்கும், நேரமும் நம் கையில். பில் போடுவது, மீதிச் சில்லறை, துணி அளவு என்று கணக்குப் பாடம் கண்முன் நடக்கும். ஆனால், ஒரு எச்சரிக்கை. கடையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது வேறு, கடைக்கு ஓர் ஆளாக நிற்பது வேறு. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை சட்டம் தடைசெய்கிறது. குடும்பத் தொழிலில் உதவுவதற்குத் தரும் விலக்குகூட, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டும்தான், அதுவும் ஆபத்தில்லாத வேலைகளுக்குத்தான். பண்டிகை சீசனில் கூட்டம் அதிகமாகும்போது முதலில் காணாமல்போவது பிள்ளையின் பாட நேரமாக இருந்தால், அந்த வீட்டில் படிப்பு நடக்கவில்லை என்று அர்த்தம்.

தனி ஆளாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. பார்த்துக்கொள்ளும் நேரத்தைப் பங்குபோட ஆள் இல்லாத இடத்தில், ஸ்கூல் என்பது பெரிய ஆதரவு. அதைக் கைவிடாமல், மாலையிலும் வார இறுதியிலும் பிள்ளைக்குப் பிடித்ததைச் சொல்லித்தருவதும் நல்ல கல்விதான். இதில் குறையாக நினைக்க எதுவும் இல்லை.

289-ம் 88-ம்

மத்திய அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடங்கள். ஆண்களுக்கு 88 நிமிடங்கள். ஹோம் ஸ்கூலிங் தொடங்குவதற்கு முன்பே உள்ள நிலைமை இது. இதன்மேல் மூன்று மணி நேரப் பாடமும், நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வதும் ஏறினால், யார் பக்கம் ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'நான் சம்பாதிக்கிறேன், நீ படிக்க வை' என்ற பங்கீடு சில வீடுகளில் இருவருக்கும் சம்மதமாகவே இருக்கலாம். அது அந்த வீட்டின் முடிவு. ஆனால், இருவரும் சம்பாதிக்கும் வீட்டில், 'நீயும் சம்பாதி, அதோட படிக்கவும் வை' என்று ஆவதுதான் ஆபத்து. ஆறு மாதத்தில் அம்மா களைத்துவிடுவார். பிறகு வேலை போகும், அல்லது ஹோம் ஸ்கூலிங் போகும். இரண்டில் எது போனாலும், 'அவளால முடியலை' என்றுதான் பேச்சு வரும்.

சொல்லித்தருவதற்கு முன்தயாரிப்பு வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேர வேலை என்று சொல்லும் கல்வி உரிமைச் சட்டம், பாடத்துக்குத் தயாராகும் நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறது. வீட்டில் அந்த நேரம் பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மேல்தான் கிடைக்கிறது. அப்பா இரண்டு பாடம் எடுப்பதாக இருந்தால், அந்த இரண்டு பாடத்துக்கும் புத்தகம் பார்ப்பது, ஒர்க் ஷீட் தயாரிப்பது, திருத்துவது எல்லாம் அவருடையதுதான். 'நீ எடுத்து வெச்சுடு, நான் சொல்லிக்கொடுக்கறேன்' என்பது பாதிப் பங்குகூட அல்ல.

சமையல், பாத்திரம், துணி ஆகியவற்றிலும் கை மாற வேண்டும். பத்து வயதுப் பிள்ளை தன் துணியை மடிக்கலாம், காய் கழுவித் தரலாம். அதுவும் கல்வியில் சேர்த்திதான்.

வேலையை விடுவதற்கு முன் ஒரு கணக்கு

எல்லாம் பேசிப்பார்த்தும், ஒருவர் வேலையை விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வரும் குடும்பங்கள் உண்டு. அப்போது மாதச் சம்பளத்தை மட்டும் கழித்துப் பார்த்து, 'சமாளிச்சுடலாம்' என்று சொல்லிவிடக் கூடாது. சம்பளத்தோடு சேர்ந்து வேறு சிலவும் போகும்.

முதலாவது, பென்ஷன். பி.எஃப்-போடு சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷன் கிடைக்க குறைந்தது 10 வருட சர்வீஸ் வேண்டும். எட்டு, ஒன்பது வருடத்தில் விடுகிறவர், இன்னும் சில மாதங்கள் தள்ளிப்போட முடியுமா என்று பார்ப்பது நல்லது. முடியாவிட்டால், பென்ஷன் பணத்தை உடனே எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு வேறு வேலையில் சேரும்போது பழைய சர்வீஸும் கூடவரும்.

இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. நிறுவனம் எடுத்துத்தரும் குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனி பாலிசி கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வரும் வழி. நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அதே சம்பளத்தில் அதே பதவி கிடைப்பது அரிது. வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது பகுதிநேர வேலை, ஃப்ரீலான்ஸ், தொழில் சார்ந்த ஒரு கோர்ஸ் என்று ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால், திரும்புவது எளிது.

விடுவதற்கும் முழுநேரம் பார்ப்பதற்கும் நடுவில் வேறு வழிகளும் உண்டு. சம்பளமில்லா விடுப்பு, ஷிப்ட் மாற்றம், பகுதிநேரம் என்று நிர்வாகத்திடம் கேட்டுப்பார்க்கலாம். மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் மொத்தப் பணிக்காலத்தில் 730 நாள்கள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளையின் படிப்பு, தேர்வு போன்ற தேவைகளுக்கும் அது பொருந்தும். முதல் 365 நாள்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365-க்கு 80 சதவிகிதம். உரிமையாகக் கேட்க முடியாது, அதிகாரி அனுமதிக்க வேண்டும். என்றாலும், முதல் சில மாதங்களைக் கடக்க அது கைகொடுக்கும்.

சான்றிதழுக்கு என்ன வழி?

தேசிய திறந்தநிலைப் பள்ளி என்ற என்.ஐ.ஓ.எஸ், மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கும், 15 வயது நிறைந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். குறைந்தது ஐந்து பாடங்கள், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஏப்ரல் - மே, அக்டோபர் - நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதில் ஒரு பெரிய வசதி, ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என்று பிரித்து எழுதலாம். ஆபீஸில் வேலை அதிகமான மாதங்களைத் தவிர்த்துத் திட்டமிட முடியும்.

தமிழ்நாடு பாடத்திட்டமே போதும் என்பவர்களுக்கு, அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். அதில் தேறிய பின் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும், இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடக் கூடாது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்த நுழைவுத்தேர்வு என்பது ஒன்பதாம் வகுப்பு வயதிலேயே ஓரளவு தெரிந்தால், அந்தந்தப் படிப்பின் தகுதி விதிகளைப் பார்த்துப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

பாடப்புத்தகத்துக்குச் செலவே இல்லை. தமிழ்நாடு அரசின் பாடநூல்களும், என்.சி.இ.ஆர்.டி புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் உண்டு. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் லேப்டாப்போடு போனால், ஒரே மேஜையில் இருவருக்கும் வேலை நடக்கும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணவனும் மனைவியும் உட்கார்ந்து சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். பிள்ளை நாளுக்கு எத்தனை மணி நேரம் மொபைலில் இருக்கிறது? அட்டவணையில் எழுதிய பாட நேரத்தில் பாதியாவது நடந்ததா? பிள்ளை தன் வயதுப் பிள்ளைகளோடு வாரத்தில் எத்தனை முறை விளையாடியது? அம்மா, அப்பா இருவரும் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள்? ஆபீஸில் யாருக்காவது எச்சரிக்கை வந்ததா?

பதில்கள் தொடர்ந்து மோசமாக இருந்தால், பிள்ளை மேல் வரும் கோபமும் கூடிக்கொண்டே போகும். பகல் முழுக்கப் பாதிக் கவனம் மட்டும் கிடைக்கும் பிள்ளை, ஸ்கூலில் கிடைத்ததையும் இழந்து, வீட்டில் கிடைக்க வேண்டியதையும் இழக்கிறது. அந்த நிலையில் பக்கத்தில் ஒரு நல்ல அரசுப் பள்ளியையோ, சிறிய பள்ளியையோ பார்த்துச் சேர்த்துவிடலாம். திரும்பிச் சேர்ப்பது தோல்வி அல்ல. ஊர் நான்கு நாள் பேசும், பிறகு மறந்துவிடும்.

நன்றாகப் போகிறது என்றால், அதைக் கண்டுபிடிப்பதும் எளிது. பிள்ளை தானாகப் புத்தகத்தை எடுக்கும். கேட்கும் கேள்விகள் கூடும். அப்பாவின் பாட நேரம் வரும்போது, அம்மா நிம்மதியாக எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போக முடியும்.

ஆகவே, பள்ளியில் டி.சி வாங்க விண்ணப்பம் எழுதுவதற்கு முன், வீட்டில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம். திங்கள் முதல் சனி வரை, காலை 6 முதல் இரவு 9 வரை கட்டம் போட்டு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே பிள்ளைக்குப் பொறுப்பாளர் யார் என்று பெயர் எழுத வேண்டும். எழுதுவது இருவரும் சேர்ந்துதான். எல்லாக் கட்டங்களும் நிரம்பி, அவற்றில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வராமல் இருந்தால், இருவரின் வேலையையும் காப்பாற்றிக்கொண்டே தொடங்கலாம். பாதிக்கு மேல் 'அம்மா' என்றே இருந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் பேச வேண்டும். டி.சி-க்கு அவசரமில்லை.